டூ-இன்-ஒன் அண்ணனின் பர்கர் பாஸ்தா

மைசூரில் இரண்டு பொருள்களைத் தனித்தனியே நிம்மதியாக இருக்கவிடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் டூ-இன்-ஒன் அண்ணன்தான். ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டிக்குள் வந்த காலத்தில், அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்க மார்க்கெட் பக்கம் கடை போட்டவர். பெட்டியின் பெயர் கடைக்கு வந்தது. கடையின் பெயர் ஆளுக்கு வந்தது. அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது. அவர் வீட்டு மாடியில் பதினோரு வருடம் குடியிருந்த நானே அதை நாலைந்து முறைதான் பார்த்திருப்பேன்.

என் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். ஓய்வுபெற்றதும் அம்மாவோடு திருச்சிக்குப் போய்விட்டார். வேலையில் இருந்த நான் இங்கேயே தங்கி, தனியாள் என்று சொல்லி அந்த மாடியைப் பிடித்தேன். கீழே அண்ணன், அவர் மனைவி சரசு அக்கா, ஒரே மகள் கௌரி. அண்ணன் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர் பக்கத்துக்காரர். மரியாதை வந்தால் கொங்குத் தமிழ், கோபம் வந்தால் கன்னடம்.

டேப் ரெக்கார்டர் போய் மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் பழுதுபார்க்க வந்த பிறகு, கடையில் மிஞ்சிய உதிரிகள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. முதலில் வாசல் மணியை ரேடியோவோடு இணைத்தார். பொத்தானை அழுத்தினால் கன்னடச் செய்தி ஒலிக்கும். தபால்காரர் பல நாள் தலைப்புச் செய்தி முழுவதையும் நின்று கேட்டிருக்கிறார். கதவு திறப்பதற்குள் வானிலை வந்துவிடும்.

அடுத்து அலாரத்தை மிக்ஸியோடு இணைத்தார். இரவே தேங்காயும் மிளகாயும் போட்டு வைத்துவிட்டால், காலை ஐந்தரைக்கு மனிதரும் எழுவார், சட்னியும் ஆகியிருக்கும். ஒரு நாள் மூடி போட மறந்துவிட்டார். சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனபோது சரசு அக்கா கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் இருந்த பல்லியின் முதுகில்கூடப் பச்சையாக ஏதோ இருந்தது.

"உப்பு சரியா இருக்குதா பாருங்க" என்றார் அண்ணன்.

"ஏணி கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்" என்றார் அக்கா.

மேல்கோட்டைக் கோயிலுக்கு ஒரு முறை என்னையும் அழைத்துப்போனார்கள். அங்கே புளியோதரையையும் சர்க்கரைப் பொங்கலையும் ஒரே இலையில் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் தன் இலையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். "உள்ள போனா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று அண்ணன் அவரைச் சமாதானப்படுத்தினார். பெரியவர் சமாதானமாகவில்லை.

இப்படிப்பட்டவரால் இணைக்க முடியாமல் போன இரண்டு, சரசு அக்காவும் கௌரியும்.

கௌரிக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. அதை அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அம்மாவிடம் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் மாவு மில்லில் அடுத்த தெருப் பெண்மணி, "மகள் புனே போறாளாமே, நிஜவா?" என்று சரசு அக்காவிடம் கேட்டுவிட்டார். மாவுத் தூக்கோடு வீட்டுக்கு வந்த அக்கா அதற்குப் பிறகு கௌரியோடு பேசவில்லை. கௌரியும் வீம்புக்காரி. ஒன்பது நாள். மூன்று அறை வீட்டில் இருவருக்கும் நடுவே அண்ணன் நடந்துகொண்டே இருந்தார்.

"போறவ போகட்டும்னு சொல்லுங்க உங்க மககிட்ட" என்பார் அக்கா.

அண்ணன் அறைக்குள் போய், "அம்மா பத்திரமாப் போயிட்டு வரச் சொன்னாம்மா" என்பார்.

"சும்னிரிப்பா, சும்மா இருங்க. அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டா" என்பாள் கௌரி.

திங்கட்கிழமை ரயில். வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு காகிதம்.

"சாரு, பர்கரும் பாஸ்தாவும் ஒண்ணாச் சேருமுங்களா?"

"சேராதுண்ணா."

"கௌரிக்குப் பாஸ்தான்னா உசுரு. அவங்கம்மா தசரா எக்சிபிஷன்ல ஒரு பர்கர் தின்னா. ஒண்ணு தின்னுபோட்டு என்னோடதையும் வாங்கித் தின்னா. வெளிய சொல்ல மாட்டா. தனித்தனியாப் பண்ணினா ஆளுக்கொரு தட்ட எடுத்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. ஒரே சட்டியில பண்ணினா ஒரே எடத்துல உக்காந்துதான் ஆகோணும்."

அந்தக் காகிதத்தில் வயரிங் படம் போல ஒரு சட்டி வரைந்திருந்தார். சட்டிக்குள் அம்புக்குறிகள். கொத்துக்கறி, மக்ரோனி, சீஸ், தக்காளி சாஸ், கடுகு விழுது. மேலே, எள் ஒட்டிய பன்னை நெய்யில் வறுத்துத் தூவ வேண்டும். ஒரு அம்புக்குறியின் முனையில் மட்டும் கேள்விக்குறி. பர்கருக்குள் வைக்கும் அந்தப் புளிப்பு வெள்ளரிப்பிஞ்சு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. நான் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் என்று சொல்வதற்குள், நஞ்சன்கூட்டில் ஊறுகாய் ஆலையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போய், ஒரு பாட்டில் வெள்ளரிப்பிஞ்சை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சமையல் தொடங்கியது. வெங்காயம் நறுக்கும் வேலை எனக்கு. சரசு அக்கா ஹாலில் டிவி முன்னால் அமர்ந்திருந்தார். கௌரி அறையில் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கம் இருவருமே திரும்பவில்லை.

உண்மையைச் சொன்னால், வாசனை நன்றாகவே வந்தது. வெங்காயமும் பூண்டும் சிவந்து, கொத்துக்கறி ஈரம் வற்றி, மிளகுத்தூளும் தக்காளி சாஸும் அதில் இறங்கியபோது எனக்கே நாக்கில் நீர் ஊறியது. அந்த நேரத்தில் அண்ணன் மக்ரோனியைக் குக்கரில் கொட்டித் தண்ணீர் ஊற்றி மூடி வெயிட்டைப் போட்டார்.

"அண்ணா, திறந்த பாத்திரத்தில எட்டு நிமிஷம்னு பாக்கெட்ல போட்டிருக்கு."

"பாக்கெட் போட்டவனுக்கு நம்ம குக்கரத் தெரியாதுங்க. அஞ்சு விசில்."

முதல் விசில் வந்தது. இரண்டாவது வந்தது. ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. மூன்றாவது விசில் பாதியில் இருந்தபோது சரசு அக்காவின் குரல் கேட்டது.

"கௌரி, உங்கப்பன் அதையக் குக்கர்ல போட்டிருக்கறாரு. போயி அணை."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது நாளில் முதல் பேச்சு. கௌரி பாதி மடித்த சுடிதாரோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"எத்தனை விசில் ஆச்சும்மா?"

"மூணு. ஓடு."

இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கௌரி அடுப்பை அணைத்தாள். ஆவி அடங்கியதும் அக்கா மூடியைத் திறந்தார். உள்ளே மக்ரோனி என்று அடையாளம் சொல்ல ஒன்றுகூட இல்லை. கரண்டியை நட்டால் விழாமல் நின்றது.

"ராகிக் களியாட்டம் ஆயிருச்சுங்க" என்றார் அண்ணன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேண்டுமென்றே செய்ததாக இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த முகம் நாடகம் ஆடிய முகம் இல்லை. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து..." என்று ஆரம்பித்து, நட்டு நின்ற கரண்டியையே பார்த்தார்.

சரசு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் சிரிப்பு. கௌரியும் பார்த்துவிட்டாள். அவளாலும் அடக்க முடியவில்லை. தரையில் இருந்தவர் மட்டும் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு பாக்கெட் இருக்குப்பா" என்று கௌரி அறைக்குப் போனாள். புனேவுக்குக் கொண்டுபோக வாங்கியது, சூட்கேஸின் அடியில் இருந்தது. அதை எடுக்க மேலே இருந்த துணிகளையெல்லாம் வெளியே போட்டாள். பின்னாலேயே போன அக்கா அந்தக் குவியலைப் பார்த்தார். நானும் அறை வாசல்வரை போயிருந்தேன்.

"இப்பிடியா மடிக்கறது" என்று கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். நான்காவது துணியில் கை நின்றது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நீ போகாதேன்னு சொல்லுவே. நீ அப்படிச் சொன்னா நான் போக மாட்டேன்மா."

அக்கா அந்தத் துணியை மடித்து முடித்தார். "போகாதேன்னு சொல்லியிருக்க மாட்டேன். அழுதிருப்பேன். அவ்வளவுதான்."

கௌரி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சமையலறைக்குத் திரும்பி வந்து, ஏற்கனவே நறுக்கி முடித்த வெங்காயத்தை மறுபடி நறுக்கினேன். அண்ணன் எழுந்து போய்ப் பன்னை வறுக்க ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டு மணிக்கு நான்கு பேரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்தோம். கௌரி வேகவைத்த மக்ரோனி விறைப்பாக இருந்தது. அதற்குள் கொத்துக்கறி ஒளிந்திருந்தது. சீஸ் நூல் நூலாக இழுத்தது. மேலே மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸும் நஞ்சன்கூட்டு வெள்ளரியும், கடித்தால் நொறுங்கும் பன் துண்டுகளும். சேராது என்று சொன்னவன் இரண்டு தட்டு சாப்பிட்டேன். சரசு அக்கா உப்புக் குறைவு என்று சொல்லி மூன்று முறை போட்டுக்கொண்டார்.

கௌரி திங்கட்கிழமை போனாள். ஸ்டேஷனில் அக்கா சொன்னபடியே அழுதார். அழுது முடித்து, வீட்டுக்கு வந்து, துணி துவைத்தார். அண்ணன் அழவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மாடிக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. கழன்று ஆடிக்கொண்டிருந்த என் ஸ்விட்ச்சைக்கூட.

"ராத்திரிச் சோத்துக்கு மூணு தட்டு எடுத்து வச்சுப்போட்டேனுங்க சாரு" என்றார் கடைசியில். "பழக்கம்."

சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கிப் போய், அந்த மூன்றாவது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மறுநாளும் போனேன். அந்த வீட்டைக் காலி செய்யும்வரை என் அடுப்பில் இரவுச் சமையல் நடக்கவே இல்லை.