பச்சைச்சாமி தீர்த்த பிழைகள்

இருபத்து நான்கு மணி நேரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள் தீர்ந்துவிட்டன. யாரும் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. இது அற்புதம் இல்லையென்றால் வேறு எது அற்புதம்?

ஆறு பேர், நான்கு ஊர்கள், ஒரே செயலி: நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது. அதன் பிழைகளைக் குறித்துவைக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. சந்தையில் இருந்த மூன்றை ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆகும். மேலாளருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஓர் ஆலோசகரைப் பிடித்தார்.

ஆலோசகர் மடிக்கணினிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "மூணாவதோட அதிர்வுதான் உங்க குழுவுக்குப் பொருந்துது" என்றார். பிழைகளைத் தன் கையாலேயே அதில் ஏற்றினார். தீராத பிழை சிவப்பாகவும் தீர்ந்தது பச்சையாகவும் தெரியும். மறுநாள் சிவப்பெல்லாம் பச்சை. அந்த நிமிடமே அவர் பச்சைச்சாமி ஆனார்.

வெள்ளி மாலைக் காணொளிக் கூட்டத்தில் ஒரே கொண்டாட்டம். வடிவமைப்பாளர் நாற்காலியோடு சுழன்றார். நிரலாளர் இருவர் திரையைக் கும்பிட்டார்கள். மூன்றாமவர் மைக்கை அணைத்துவிட்டுக் கைதட்டினார். பக்தி முற்றினால் அப்படித்தான்.

மேலாளர் கனைத்தார். "பிழையே இல்லாத இடத்துல சோதிக்க ஆள் எதுக்கு? சோதனைப் பிரிவை இந்த மாசத்தோட மூடிடலாம்."

சோதனைப் பிரிவு என்பது ஒரே ஒரு பெண். அவள் கை தூக்கினாள்.

"சார், நேத்து நானும் ஒரு பிழை போட்டேன். நிலா சதுரமா இருக்கு, வட்டமாக்கவும்னு. அதுவும் பச்சையாயிடுச்சு."

"அண்டத்துக்கே அருள் பண்ற மென்பொருள்மா இது!" என்றார் பச்சைச்சாமி.

வடிவமைப்பாளர் ஜன்னலுக்கு ஓடினார். "ஆமா சார், வட்டமாத்தான் இருக்கு!"

கைதட்டல்.

"அப்ப இதையும் கேளுங்க. ஒரே மாத்திரைக்கு ரெண்டு தடவை மணி அடிக்குதுன்னு எழுதியிருந்தேன். அதுவும் பச்சைதான்." கைபேசியைத் திரையருகே பிடித்தாள். ஏழு மணி ஆனது. 'மாத்திரை போடவும்' என்றது செயலி. 'போட்டாச்சு' என்று அழுத்தினாள். 'மாத்திரை போடவும்' என்றது மறுபடியும்.

மேலாளர் முகம் வெளுத்தது. "எங்கப்பா இதைக் கேட்டுத்தானே மாத்திரை போடுறாரு!"

பச்சைச்சாமி கூட்டத்திலிருந்து நழுவப் பார்த்தார்.

"யோவ் சாமி, நில்லுய்யா! எப்படிப் பச்சையாச்சு?" என்றார் மேலாளர்.

"அது... ஒரு நாள் பூரா யாரும் தொடாத பிழையை அதுவாவே பச்சையாக்க ஒரு டிக் இருக்கு சார். நான்தான் போட்டுவிட்டேன்."



"ஏம்மா," என்றார் மேலாளர் மெதுவாக, "நீங்க எங்கயும் போயிடாதீங்க."

"போகல சார். முதல்ல எல்லாத்தையும் மறுபடி சிவப்பாக்குங்க. கையைத் தட்டினது போதும், மூளையைத் தட்டி எழுப்புங்க."