காது கேளாத தேவதூதர்கள்

தென்கடல் தீவு ஒன்றில், சிங்கடோக்கா ஆற்றங்கரை முட்டைக்கோசுத் தோட்டங்களில் தேவதூதர்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு எள்ளளவு இருந்தார்கள். இறக்கையும் இருந்தது, கொடுக்கும் இருந்தது. குளவி என்று சொல்லிவிடாதீர்கள். தீர்க்கதரிசி இசிகேலிக்குக் கோபம் வரும்.

அவர் பாடினால் தூதர்கள் வந்து கோசுப்புழுவைக் கொல்வார்களாம். ஒரே நிபந்தனை, பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. தூதர்களுக்கு நெடி ஆகாது. புழுவும் நிஜமாகவே செத்தது. அப்புறம் என்ன! பன்றியும் பாயும் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரும் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கே அவர் கூடாரத்து முன்னால் கால்கடுக்க நின்றது. புழு அரிக்காத தோட்டத்துப் பக்கம் மட்டும் அவர் எட்டிப்பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, வரிசை நகர்ந்துவிடும்.

விதவை கெலேரா வரிசையில் நிற்கவில்லை. அவள் வீட்டுத் திமிங்கிலப் பல்லின் மேல் இசிகேலிக்கு ஒரு கண். மகனுக்குப் பெண் கேட்பதற்கென்று அவள் வைத்திருந்த ஒரே பல். அது இல்லாமல் போனால் பெண்வீட்டார் உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள்.

"குடுத்துத் தொலையேன் அண்ணி," என்றான் கொழுந்தன் அபிசாய், ஏற்கெனவே பன்றியைக் கொடுத்தவன். "உன் தோட்டத்துல சாபம்னு ஊரே பேசுது."

"சாபம் பிடிச்ச தோட்டத்துக்கும் குளவி வருதேப்பா! பாட்டு இல்லாமலே வருது. புழு கடிச்ச செடியாப் பாத்து உக்காருது."

"வழி தப்பி வந்திருக்கும்."

மறுநாள் காலை கெலேரா கூட்டத்தின் நடுவே மண்டியிட்டு, பல்லை இரு கையாலும் ஏந்தினாள். "இதை ஏத்துக்கிட்டு, ஐயா, நான் காட்டுற செடிக்கு…"

இசிகேலிக்குப் பொறுமை இல்லை. பாதிப் பேச்சிலேயே பல்லைப் பறித்துக்கொண்டார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். பல்லை வாங்கியவர் கேட்டதைச் செய்தாக வேண்டும். முடியாவிட்டால் பல் திரும்பி வரும். அங்கே தீர்க்கதரிசிக்கும் அதே வழக்கம்தான்.

"…தூதர்களை வரவழைச்சுக் காட்டணும்," என்று அவள் நிதானமாக முடித்தாள்.

தோட்டத்து ஓரத்தில் இரண்டு தொட்டிகள் வைத்தாள். இரண்டிலும் கோசுச்செடி, இரண்டின் மேலும் பழைய வேட்டி.

"வலது பக்கத்துச் செடிக்கு மட்டும் பாடுங்க."

பாடினார். தொண்டை கட்டப் பாடினார். தூதர்கள் வந்தார்கள், இடது பக்கத்து வேட்டியில் மொய்த்தார்கள்.

"தூதருங்களுக்குக் காது மந்தமோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாத்தான் திசை திருப்புறான்!" என்று கத்தினார் இசிகேலி.

"சரி, சாத்தானை ஏமாத்துவோம்," என்று கெலேரா தொட்டிகளை இடம் மாற்றி வைத்தாள். அவர் மறுபடி அதே செடிக்குப் பாடினார். குளவிகள் மற்றச் செடியின் பின்னாலேயே போயின.

வேட்டிகளை உருவினாள். பாட்டு வாங்கிய கோசு முழுசாக இருந்தது. மற்றது சல்லடை, புழு நெளிந்தது.

"கடிபட்ட இலை ஒரு வாசனை விடுது. அதை மோந்துதான் குளவி வருது. புழுவுக்குள்ள முட்டை வைக்குது, குஞ்சு பொரிச்சுப் புழுவைத் தின்னுது. மருந்தடிச்சு இத்தனை காலமும் குளவியையும் சேத்துக் கொன்னோம். நிறுத்தினோம், வந்துடுச்சு. இவர் பாடினது நமக்குத்தான்."

திமிங்கிலப் பல் திரும்பி வந்தது. அபிசாயின் பன்றி வரவில்லை. அது தீர்க்கதரிசியின் வயிற்றோடு மத்தியானப் பேருந்தில் ஊரைவிட்டுப் போயிற்று.

அபிசாய் சல்லடைக் கோசின் முன்னால் பயபக்தியோடு மண்டியிட்டான். "அண்ணி, இதுக்கு ஒரு பாய் படைச்சிடலாமா?"

ஆபத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூளையே இல்லாத கோசுக்குத் தெரிந்திருக்கிறது. மூளை உள்ளவர்களே, நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள்?