சடையாண்டிக் கரடி நெஞ்சைக் குறைத்துக்கொண்ட கதை

ஊர்வலங்களுக்குத் தடை விதிக்கப்பட்டு, ஊர்வனவற்றுக்கு மட்டும் அனுமதி இருந்த ஒரு காட்டில், சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. நல்ல கரடி. கறையான் புற்றை ஒரே அடியில் பிளக்கும். பாறை உச்சித் தேனடையைத் தேனீக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்துவிடும். ஆனால் எப்போதும் நான்கு காலில்தான் நடக்கும். இரண்டு காலில் நிமிர்ந்தால் அதன் மார்பு இரண்டு பக்கமும் தொங்கும்.

அதெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காட்டிலும் முன்பு யாரும் குற்றமாக நினைக்கவில்லை. ஆண் கரடிகளில் பலவற்றுக்கு அப்படித்தான் இருந்தது, அதற்கென்று ஒரு பெயர்கூடக் கிடையாது. முதலையார் ஆற்றங்கரையில் ‘எழில்குகை மருத்துவமனை’யைத் திறந்த பிறகுதான் அதற்குப் பெயர் வந்தது, பெயருக்கு ஒரு பலகை வந்தது, பலகையில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்கள் வந்தன. அதே வாரத்தில் நீர்த்துறை மரத்தில் ஒரு குரங்குக் கூட்டமும் குடியேறியது. சடையாண்டி நாவற்பழம் பறிக்க நிமிர்ந்தால் போதும்.

“அக்கா! குட்டிக்குப் பால் குடுத்தாச்சா?”

“அக்காவுக்கு எத்தனை குட்டிடா?”

“தெரியலடா. எத்தனை இருந்தாலும் பத்தும்போலத்தான் இருக்கு!”

சடையாண்டி பழத்தை விட்டுவிட்டு நான்கு காலில் இறங்கிவிடும். நாவற்பழம் இல்லாமல் ஒரு கரடி உயிர் வாழலாம். ஆனால் நிமிராமல் வாழ முடியாது. ஏனென்றால் கரடிகளுக்கு ஒரு சபை இருந்தது, அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது.

காட்டில் பொதுவாகக் கிடக்கும் எதையும் யாருக்காவது கொடுக்க வேண்டுமானால் கரடிச் சபையைக் கேட்க வேண்டும். கொடுக்கக் கூடாது என்பவர் எழுந்து இரண்டு காலில் நின்று, நெஞ்சிலுள்ள வெள்ளைப் பட்டையைக் காட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் சம்மதித்தவர். கோபம் வந்தால் கரடி எழுந்து நிற்கும் என்று நம்பிய முன்னோர்கள் செய்த ஏற்பாடு அது. வெட்கம் வந்தால் கரடி உட்கார்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. முதலையாருக்குத் தோன்றியது.

சபையில் ஏழு ஆண் கரடிகள். பெண் கரடிகளுக்கு இடமில்லை. குட்டிகளை முதுகில் சுமப்பவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது என்று, யோசிக்க நிறைய நேரம் இருந்த ஆண் கரடிகள் தீர்மானம் போட்டிருந்தன. அந்த ஏழில் மூன்று, முதலையார் வீட்டு விருந்தில் சாப்பிடுகிறவை. எழச் சொன்னாலும் எழ முடியாத அளவுக்குச் சாப்பிட்டவை. இரண்டு கிழக் கரடிகள் எதற்கும் எழுந்து நிற்கும். மீதி இரண்டு, சடையாண்டியும் அதன் மச்சான் பூதப்பாண்டியும். பூதப்பாண்டிக்கும் மார்பு பெரிதுதான். போன முறை முதலையார் இலந்தைக்காட்டைக் கேட்டபோது, மரத்தின்மேல் குரங்குகள் காத்திருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டும் உட்கார்ந்தே இருந்தன. இலந்தைக்காடு போயிற்று. அங்கே இப்போது மருத்துவமனையின் வாகன நிறுத்தம்.

வருகிற பௌர்ணமிச் சபையில் தேன்பாறையைக் கேட்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கரடிகளின் கடைசித் தேன் அந்தப் பாறையில்தான் இருந்தது. அது போனால் குட்டிகளோடு மலை தாண்டிப் போக வேண்டியதுதான்.

“நாலு பேர் நின்னா பாறை தப்பிச்சிடும் மச்சான்” என்றது சடையாண்டி. “கிழவங்க ரெண்டு பேரு நிப்பாங்க. நீயும் நானும் நிக்கணும்.”

“நிக்கணும்னா எப்படி மாப்ள? அந்தக் கொரங்குப் பயலுவ வாய மூடுவானுங்களா?”

“ஆஸ்பத்திரியில குறைச்சு விடுறாங்களாம்.”

பூதப்பாண்டி நீண்ட நேரம் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தது. பிறகு குகைக்குள் போய், மழைக்காலத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த தேனடைகள் அத்தனையையும் கொண்டுவந்து சடையாண்டி முன் வைத்தது.

“ரெண்டு பேருக்கும் பத்தாது. ஒனக்குப் பண்ணிக்க. நீ மொதல்ல நில்லு மாப்ள. ஒன்னய பாத்துக்கிட்டே நானும் கண்ண மூடிட்டு நின்னுடறேன்.”

கரடி வரலாற்றில் இப்படி ஒரு மச்சான் இருந்ததில்லை என்று சடையாண்டி தன் மனைவி சுரும்பாயியிடம் சொல்லிச் சொல்லி உருகியது. சுரும்பாயி பூதப்பாண்டியின் தங்கை. “எங்கண்ணன் அப்படித்தான்” என்று மட்டும் சொன்னது.

முதலில் கணவனும் மனைவியும் எழில்குகைக்கே போனார்கள். வாசலில் மேலாளர் நரி வரவேற்றது. குளிர்ந்த அறை, மெத்தை, கையில் ஒரு கோப்பை பானகம். சுவரில் மயில் மருத்துவர் தோகை விரித்துச் சிரித்தார். படச் சட்டத்துக்குள் தோகை அடங்கவில்லை.

“நாப்பது தேனடை” என்றது நரி. “தவணை உண்டு. வட்டி கிடையாது. நடைமுறைக் கட்டணம் மட்டும் உண்டு.”

“வட்டிக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“வட்டின்னா உங்களுக்குக் கோபம் வரும் சார். இதுக்கு வராது.”

“மயில் டாக்டர்தான் அறுப்பாரா?”

“அவர் மேற்பார்வை.”

“எங்க இருந்து பார்ப்பாரு?”

நரி சுவரில் இருந்த படத்தைக் காட்டியது. கதவிடுக்கு வழியாகச் சுரும்பாயி உள்ளே எட்டிப் பார்த்தது. நான்கு நண்டுகள் ஒரு பூசணிக்காயின்மேல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தன. பூசணிக்காய் பிழைக்கவில்லை.

அடுத்து மரங்கொத்தி. காய்ந்த மரத்தில் ஒரு பொந்து, அதுவே மருத்துவமனை. “எட்டு அடை குடுங்க. கத்தி கிடையாது, தையல் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. பத்து ஓட்டை போடுறேன், கொழுப்பு தானா ஒழுகிடும். சாயங்காலம் மரம் ஏறலாம்” என்றது. பேசும்போதே தலை ஆடிக்கொண்டிருந்தது.

“கொழுப்பு இல்லாம உள்ள கட்டியா சதை இருந்தா?” என்று கேட்டது சுரும்பாயி.

“அதுக்கு இன்னும் பத்து ஓட்டை.”

காப்பீட்டு ஆமையையும் ஒரு தடவை பார்த்தார்கள். ஆமை தலையை வெளியே நீட்டி, “நோயா, அழகா?” என்று கேட்டது. “எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றது சடையாண்டி. “சிரிக்கிறவங்களுக்குத்தான் ஏதோ நோய். அவங்க வந்து விண்ணப்பிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குமேல் ஓட்டைத் தட்டினால் அபராதம் என்று ஓட்டின்மேலேயே எழுதியிருந்தது.

திரும்பும் வழியில் காட்டுப்பன்றித் தோழர் கோரையன் மறித்தது. மூன்று முறை சிறை சென்றது, நான்காவது பிரிவினைக்குப் பிறகு ஒரே உறுப்பினராக மிஞ்சிய கட்சிக்குத் தலைவர். ‘கொழுப்பும் கொள்ளையும்’ என்ற தன் பிரசுரத்தை நீட்டியது.

“தோழர், அந்தக் குரங்குகளுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? முதலை! ஒரு சிரிப்புக்கு ஒரு வாழைப்பழம். ‘அக்கா’ என்று சொன்னால் இரண்டு. உங்கள் வெட்கம் அங்கேதான் உற்பத்தியாகிறது. பதினாறாம் பக்கம் பாருங்கள்.”

“தெரியும் தோழர்.”

“தெரிந்துமா போகிறீர்கள்?”

“கூலி வாங்கிட்டுச் சிரிச்சா வலி கம்மியாவா இருக்கும்?”

அதற்குப் பதினாறாம் பக்கத்தில் பதில் இல்லை. தோழர் இரண்டாம் பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லிப் போய்விட்டது.

கடைசியாக ஓடையோரம் போனார்கள். நீர்நாய் மருத்துவர் மீனலோசனியின் குடிலுக்குப் பலகையும் இல்லை, பானகமும் இல்லை. வரிசையில் ஒரு முயல், ஒரு மிளா மான். தன் முறை வந்ததும் சடையாண்டி உள்ளே போய், பாதி நிமிர்ந்து நின்றது. மருத்துவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அழுத்திப் பார்த்தது. எப்போதிருந்து, வலிக்கிறதா, என்னென்ன மருந்து தின்கிறாய், புளித்த இலுப்பைப்பூ எவ்வளவு என்று கேட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தது.

“நோய் ஒண்ணும் இல்ல. இப்படியே இருந்தாலும் நூறு வருஷம் இருக்கலாம்.”

“இப்படியே இருக்க முடியலம்மா.”

“சரி. அப்ப செய்யலாம். தழும்பு இருக்கும். ரெண்டு பக்கமும் அச்சு மாதிரி ஒண்ணா வராது. உள்ள ரத்தம் கட்டினா மறுபடி திறக்கணும், அதுக்குத் தனியா வாங்க மாட்டேன். அறுக்கிறது நான். மயக்கம் குடுக்கிறதுக்கு ஆந்தை வரும், முழிச்சுக்கிட்டே பக்கத்துல இருக்கும். இறுக்கக் கட்டு, மறுபரிசோதனை எல்லாம் சேர்த்துப் பதினெட்டு அடை.”

“வெள்ளைப் பட்டை?”

“அதுக்கு ஓரமா அறுப்பேன். அது அப்படியே இருக்கும்.”

வெளியே வந்ததும் சடையாண்டி தயங்கியது. “எழில்குகையில தழும்பே வராதுன்னாங்களே. இந்தம்மா வரும்னு சொல்லுதே.”

“வரும்னு சொல்றவங்ககிட்ட அறுத்துக்குங்க” என்றது சுரும்பாயி. “அந்த மிளாகிட்டயும் கேட்டுட்டேன். போன வருஷம் கட்டி எடுத்துச்சாம். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து பாத்தாங்களாம்.”

இதுவரை வந்த நீங்கள், மருத்துவர் ஏமாற்றியிருப்பார், நெஞ்சு கோணியிருக்கும், கரடிக்குப் புத்தி வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. மருத்துவர் சொன்னது சொன்னபடி செய்தது. ஆந்தை கண் இமைக்கவில்லை. ரத்தம் கட்டவில்லை. பூதப்பாண்டி ஓடையோரத்திலேயே தங்கி, சடையாண்டிக்குக் கறையான் பிடித்து ஊட்டியது. கட்டைப் பிரித்தபோது நெஞ்சு பாறைபோலத் தட்டையாக இருந்தது. நடுவே வெள்ளைப் பட்டை பளிச்சென்றிருந்தது.

“சினிமாக்காரன் மாதிரி இருக்க மாப்ள!” என்று பூதப்பாண்டி அழுதது.

பௌர்ணமியன்று சபை கூடியது. முதலையார் ஓர் ஓரமாகப் படுத்துக் கண்ணை மூடியிருந்தார். மரக்கிளைகளில் குரங்குகள் பார்வையாளர்களாக அமர்ந்திருந்தன. பெண் கரடிகள் குட்டிகளைச் சுமந்தபடி வட்டத்துக்கு வெளியே நின்றன. நரி தீர்மானத்தை வாசித்தது.

“தேன்பாறையை மருத்துவமனை விரிவாக்கத்துக்கு அளிப்பதை எதிர்ப்பவர்கள் நிற்கலாம்.”

கிழக் கரடிகள் இரண்டும் முழங்கால் முறிய எழுந்தன. சடையாண்டி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தது. முழுசாக நிமிர்ந்தது. நிலா வெளிச்சம் அதன் நெஞ்சில் விழுந்தது.

ஒரு குரங்கும் சிரிக்கவில்லை. பெரிய குரங்கு ஒன்று, “அடேயப்பா! அண்ணன்!” என்றது.

அண்ணன். வாழ்நாளில் அந்த மரத்திலிருந்து சடையாண்டி கேட்ட முதல் மரியாதை அது. கால் பெருவிரலிலிருந்து காதுவரை ஏதோ இனித்தது. இன்னும் கொஞ்சம் நெஞ்சைத் தள்ளி நின்றது.

“மூன்று பேர்” என்றது நரி. “வேறு யாராவது?”

பூதப்பாண்டி எழுந்தது. சொன்னபடியே கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகளை அகல விரித்துச் சமநிலை பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல. மார்பு இரண்டும் இடமும் வலமுமாக ஆடின. கிளைகளில் கெக்கலி கிளம்பியது.

“ஐயோ, இன்னொரு அக்கா!”

“அண்ணே, உங்க பக்கத்துல பாருங்கண்ணே!” பெரிய குரங்கு சடையாண்டியைப் பார்த்துக் கண்ணடித்தது. தங்களில் ஒருவனைப் பார்ப்பதுபோல.

சடையாண்டி சிரிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சிரிக்காவிட்டால் அவர்கள் தன் பக்கம் திரும்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் முதலில் உதடு விரிந்தது. பிறகு மச்சானைத் திரும்பிப் பார்த்தது. ஆடுகிற மார்பு உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தது. இத்தனை நாள் இவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது அதற்கு இப்போதுதான் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காடு அதிர, வாங்காத கூலிக்குச் சிரித்தது.

குரங்குகளின் சிரிப்புக்குப் பூதப்பாண்டி கண்ணைத் திறக்கவில்லை. இந்தச் சிரிப்புக்குத் திறந்தது. யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தது. பாதி எழுந்த உடம்போடு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

“மூன்று பேர் எதிர்ப்பு, நான்கு பேர் சம்மதம்” என்றது நரி. “தேன்பாறை முடிந்தது.”

முதலையார் கண்ணைத் திறந்து, தன் வழக்கப்படி இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டார்.

மறுநாளே கரடிகள் மலை தாண்டிப் புறப்பட்டன. சுரும்பாயி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தன் அண்ணனோடு முன்னால் நடந்தது. சடையாண்டி கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. சடையாண்டி வழியெல்லாம் இரண்டு காலிலேயே நடந்தது. ஓரிடத்தில் நின்று, கவலையோடு நெஞ்சைத் தடவிப் பார்த்தது. அவ்வளவு சிரித்தும் தையல் ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டிய நீதி: அறுவைக்குப் போகுமுன் விலையை மூன்று இடத்தில் விசாரியுங்கள், சொந்தக்காரன் விழும்போது விழுந்து விழுந்து சிரித்தாலும் தாங்குகிற தையல் போடுகிறவரே கைராசியான மருத்துவர்.