குளிர்காலத்தில் வியர்ப்பது விதிமீறல்

அந்தப் பல்கலைக்கழகத்தில் குளிர்காலம் வானத்திலிருந்து வருவதில்லை; சுற்றறிக்கையில் வரும். நூறு நாட்கள், பதிவாளர் கையொப்பத்துடன். அது முடிய இன்னும் நான்கு நாள் இருக்கையில் வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்காக விதியை மாற்ற முடியுமா? அலுவலர்கள் எல்லோரும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டுக்குள் வெந்தபடி கடமையாற்றினார்கள். துணைவேந்தர் சாம்பல் நிற மஃப்ளர் சுற்றியதால் மற்றவர்களும் சுற்றினார்கள். அதுதான் அப்போதைய நாகரிகம்.

இந்த நேரம் பார்த்துப் பட்டுப்புழு ஆய்வுத் துறைக் காரின் ஏசி உயிரை விட்டது.

அந்தத் துறை ஆய்வு மாணவி ஒருத்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருஷமாகக் குளிர்ந்த நிலவறையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பட்டுப்புழுக்களில் இருநூறை, மறுநாள் மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள தேர்வாளரிடம் உயிரோடு காட்டினால்தான் பட்டம். பல்கலைக்கழகப் புழு பல்கலைக்கழகக் காரில்தான் போகலாம் என்பது விதி. சூட்டில் போனால் பாதி வழியிலேயே செத்துவிடும்.

போக்குவரத்து அதிகாரி மஃப்ளரால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார்.

"ஏசி ரிப்பேரா? இது குளிர்காலம்மா."

"உங்களுக்கே வேர்வை ஆறா ஊத்துதே சார்!"

"இதுவா? இது பருவம் சார்ந்த ஈரப்பதம்."

"சுவத்துல வெப்பமானி நாப்பத்தொண்ணு காட்டுது, பாருங்க!"

அதிகாரி பார்த்தார். எழுந்து போய் அதைக் கழற்றி, 'பழுது' என்று சீட்டு ஒட்டி இழுப்பறையில் வைத்தார்.

"குளிர்காலத்துல நாப்பத்தொண்ணு காட்டுறது ஒரு வெப்பமானியா? நல்லவேளை, சொன்னே."

வாதம் என்று வந்தால் அவள் யாரையும் விட்டதில்லை. ஒன்றரை மணி நேரம் விதி, உபவிதி, அடிக்குறிப்பு என்று புரட்டி எடுத்தாள். கடைசியில் அதிகாரியே மனம் இரங்கினார்.

"ஹீட்டர் ரிப்பேருக்கு உடனே அனுமதி உண்டு. 'குளிர் தாங்க முடியவில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் குடு. மெக்கானிக் வந்து பானட்டைத் திறந்தா, ஏசியைப் பார்க்காமலா போயிடுவான்?"

இருநூறு உயிருக்கு ஒரு பொய். எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்படி எழுதினால் ஏசி சரியாகிவிடும் என்ற செய்தி காற்றாகப் பரவியது. மாலைக்குள் எல்லாத் துறைகளும் வியர்க்க விறுவிறுக்க வரிசையில் நின்று, குளிர் தாங்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தன.

மெக்கானிக் சொன்னபடி வந்தார். ஹீட்டரைப் பிரமாதமாகச் சரிசெய்தார்.

"ஏசி அண்ணா?"

"ஆர்டர்ல ஹீட்டர்தாம்மா இருக்கு."

"சரி, அந்த ஹீட்டரையாவது அணைங்க. அனல் அடிக்குது!"

"அணைக்கிற பட்டனுக்கு சீல் வச்சாச்சு. குளிர்காலம் முடியாம அதைத் தொடக் கூடாது."

கார் டிரைவர் வெளியே நின்றபடியே கையை மட்டும் ஜன்னல் வழியாக விட்டு ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தார். "தங்கச்சி, இதுல போனா புழு மட்டுமில்ல, நானும் வெந்துடுவேன்."

அவள் தேர்வாளரிடம் மன்றாடினாள். அவர் ஐந்து நாள் தவணை கொடுத்தார். அதற்குமேல் போனால் புழுக்கள் கூடு கட்டிவிடும். கூட்டுக்குப் பட்டம் கிடையாது. போகட்டும், நான்கே நாள். ஐந்தாம் நாள் காலை குளிர்காலமும் இருக்காது, சீலும் இருக்காது, ஏசிக்கும் அனுமதி வந்துவிடும்.

நான்காம் நாள் மாலை அறிவிப்புப் பலகை முன்னால் ஒரே கூட்டம். மஃப்ளர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய்ப் படித்தாள்.

'பல்கலைக்கழக வரலாற்றில் இதுவரை இல்லாத வகையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குளிர் தாங்க முடியவில்லை என எழுத்துப்பூர்வமாக முறையிட்டிருப்பதைக் கனிவுடன் பரிசீலித்து, குளிர்காலம் மேலும் அறுபது நாட்களுக்கு நீட்டிக்கப்படுகிறது.'

"எந்த மடையன்யா முதல்ல எழுதிக் குடுத்தது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

அறிவிப்பின் கீழேயே முதன்முதலில் வந்த முறையீட்டின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"உன் கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு, தங்கச்சி!"