தானாக இறுகும் திருகு

“மூணாவது தடவை,” என்று செயின் ரம்பத்தை மெக்கானிக்கின் மேசைமேல் வைத்தார் ஹெட்கிளார்க். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் எல்லாவற்றுக்கும் எண் போடும் பழக்கம் அவரை விடவில்லை. “ஸ்டார்ட் ஆகுது. ரேஸ் குடுத்தா கொர்ருன்னு இழுத்துட்டுப் படுத்துடுது. பிக்கப்பே இல்ல.”

“போன வாரம் இங்க சீறிச்சே சார்.”

“இங்க சீறி என்னப்பா பிரயோஜனம்? மரம் என் வீட்டுலதானே இருக்கு.”

கடை முதலாளி பேப்பரை இறக்கினார். அவர் பேப்பரை இறக்கினால் யாருக்கோ கேடு. மெக்கானிக்கை இதற்கு முன் இரண்டு கடைகள் வீட்டுக்கு அனுப்பியிருந்தன. இங்கே பதினோரு மாதம் ஓட்டியிருந்தார். “இந்தக் கடையிலயாவது ஒரு வருஷம் நில்லுங்க. எங்க அக்காவுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்குது” என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் ரம்பத்தின் மூடியைக் கழற்றினார். கார்புரேட்டரின் ஓரத்தில் மூன்று சின்னத் திருகுகள். அதில் ஒன்று பெட்ரோலை அளந்து விடுவது. அது அளவுக்கு மேல் மூடிக்கொண்டால் ரேஸ் கொடுத்ததும் எஞ்சின் திணறும். முதல் முறை அதை அரைச் சுற்று திறந்துவிட்டார். இரண்டாம் முறை வந்தபோது அது மூடியிருந்தது. மறுபடி திறந்து, சிவப்புப் பெயிண்டால் கோடு கிழித்து, மேலே ஒரு சொட்டுப் பசையும் விட்டார். இப்போது பசை உதிர்ந்திருந்தது. கோடு அரைச் சுற்று தள்ளி நின்று அவரைப் பார்த்தது.

“முதலாளி, திருகு தானா இறுகியிருக்கு.”

“உலகத்துல எல்லாத் திருகும் ஆடி ஆடிக் கழண்டுதான் போகும். உன் திருகு மட்டும் இறுகுதா?”

“அதான் எனக்கும் புரியல.”

“எனக்குப் புரியுது. கழண்ட மறை வேற எங்கயோ இருக்கு.”

ஹெட்கிளார்க் சிரிக்கவில்லை. “ஏணி வெச்சாச்சு, கயிறு கட்டியாச்சு. நான் மேல ஏறி நின்னு அறுக்க வேண்டியதுதான் பாக்கி. மூணு ஞாயித்துக்கிழமை வீணாப் போச்சு,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

ஆத்திரத்தில் மெக்கானிக் திருகை ஒரு முழுச் சுற்று திறந்தார். கடை முழுக்கப் புகை. எதிர்க்கடைக்காரர் இருமிக்கொண்டே ஷட்டரை இறக்கினார். பெட்ரோல் மிஞ்சி எஞ்சின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து, அணையாமலிருக்க இன்னொரு திருகால் ஓட்ட வேகத்தை ஏற்றினார். இப்போது ரேஸ் விசையைத் தொடாமலே செயின் சுழன்றது. பதறிப்போய்க் கீழே வைத்தார். வைத்த இடம் ஸ்டூலின் கால். ஸ்டூலில் முதலாளி இருந்தார்.

அவர் மெதுவாக, மரியாதை குறையாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

தரையில் கிடந்தபடியே பேசினார். “நாலாவது தடவை இந்த மெஷின் என் கடைப்படி ஏறினா, நீ இறங்கிடு.”

மெக்கானிக் எல்லாத் திருகுகளையும் முதலிலிருந்து சரிசெய்து வைத்தார். பசையை இரட்டிப்பாக ஊற்றினார். அப்படியும் மனசு அடங்கவில்லை. கடையில் சீறுவது வீட்டில் ஏன் படுக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று ரம்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஹெட்கிளார்க் வீட்டுக்குப் போனார்.

ஜன்னலோரம் ஹெட்கிளார்க்கின் மனைவி தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. பின்வாசலில், கூரைமேல் சாய்ந்த மரத்தடியில், மெக்கானிக் ரம்பத்தின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். விசையை அழுத்தினார். ரம்பம் சீறியது. விட்டார், அழுத்தினார். பத்து முறை. பத்து முறையும் ஒரு திணறல் இல்லை.

“வீட்டுலயும் சீறுது பாருங்க சார்.”

“அடேயப்பா. நாளைக்குக் காலைல ஏறிடறேன்,” என்றார் ஹெட்கிளார்க். கையுறை தேட உள்ளே போனார். வாசற்படியில் ஒரு கை முழங்காலில், ஒரு கை சுவரில்.

மெக்கானிக் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது மாதம் கண்ணுக்குத் தெரிந்தது. மனைவியின் அக்காவிடம் தானே போன் போட்டுச் சொல்லலாம் என்றுகூட நினைத்தார்.

தையல் மெஷின் சத்தம் நின்றது. ஹெட்கிளார்க்கின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க, அந்தப் பசையை மட்டும் இனிமே போடாதீங்க. சுரண்டிச் சுரண்டி என் தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவர் முனையே மழுங்கிப் போச்சு. ஒரு படி ஏற முடியாத மனுஷனை மரத்துல ஏற விடாம வெக்க எனக்கு அந்த ஒரு திருகுதான் இருக்கு.”