மாப்பிள்ளை நம்பிக் கொடுத்த டிரோன்

மீட்டர்காரரின் இடது கைக் கட்டைவிரல் மாப்பிள்ளையின் டிரோனோடு ஒட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஆகிறது.

ஒடிந்த கையை ஒட்டத்தான் பசை வாங்கினார். டிரோனுடைய கையை. சாம்பல் நிறத்தில், மடக்கி நீட்டுகிற மாதிரி நாலு கைகள் அதற்கு. ஒன்று முறிந்து தொங்கியது. பசை டியூபின் மூக்கைக் கத்தரித்ததும் மொத்தமும் குபுக்கென்று வந்துவிட்டது. கை ஒட்டிக்கொண்டது. கூடவே அவரும் ஒட்டிக்கொண்டார்.

"என்னங்க, காபி ஆறுது" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"இங்கயே கொண்டா."

"ஏன், எந்திரிக்க முடியலயா?"

"எந்திரிக்க முடியுது. கையில டிரோன் இருக்கு."

"கீழ வச்சிட்டு வாங்களேன்."

"வைக்க முடிஞ்சா வைக்க மாட்டேனா?"

அவள் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டியதையெல்லாம் நேற்றே சிரித்துத் தீர்த்துவிட்டாள். வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர் விரலைப் பிரித்தெடுத்தாள். கொஞ்சம் தோல் டிரோனிலேயே தங்கிவிட்டது.

"மாப்பிள்ளை பாத்தா இது என்னன்னு கேப்பாரு."

"அதுக்கு மேல பெயின்ட் அடிச்சிடலாம்" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தே சம்பளம் வாங்கினார். வேலை போய்விட்டது, எட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. தெருவில் இன்னமும் அவர் மீட்டர்காரர்தான்.

மகளைக் கொடுத்த இடம் கூப்பிடு தூரம். இவர் தெருவுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம், அதன் நடுவே ஆளுயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தி வீடு. மாப்பிள்ளைக்குப் படம் எடுக்கிற தொழில். கல்யாணம் பேசிய அன்று இவர் கூடத்தில் உட்கார்ந்து, "படம் எடுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். பக்கத்து அறையில் மாப்பிள்ளை இருந்தது தெரியாது. கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருஷமாக மாப்பிள்ளை இவரிடம் பேசியது இரண்டே வாக்கியம்: "வாங்க மாமா", "சரி மாமா".

போன திங்கட்கிழமை மூன்றாவது வாக்கியம் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிற அவசரத்தில், மாப்பிள்ளை ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றார்.

"மாமா, இது புது டிரோன். உங்க பீரோவுல வச்சுக்குங்க. எங்க வீட்டுல வச்சா அப்பா கை சும்மா இருக்காது. ஒருநாள் ஓட்டக் கத்துக் குடுத்தேன், அன்னில இருந்து தினமும் அதே பேச்சு. பழைய டிரோனைப் பரண்ல ஏத்திட்டு, ஏணியையே ஒளிச்சு வச்சிருக்கேன்."

"உங்கப்பா அப்படித்தான் மாப்பிள்ளை. நல்லா இருந்த கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டவராச்சே" என்று இவர் தாராளமாகச் சிரித்தார்.

மாப்பிள்ளையும் சிரித்தார். டிரோனை வெளியே எடுத்து, எந்தக் குச்சியைத் தள்ளினால் மேலே போகும், எதைத் தள்ளினால் திரும்பும் என்று பொறுமையாகக் காட்டினார். மகள் அதன் நெற்றியில் ஒரு மஞ்சள் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள், கண் படக்கூடாதாம்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரு பெரிய கட்டடத்தை எடுக்கணும். இது இல்லாட்டி அந்த வேலையே இல்ல. உங்களைத்தான் நம்பறேன் மாமா."

அந்த வார்த்தையைக் கேட்டு மீட்டர்காரருக்கு அன்றைக்குப் பசிக்கவேயில்லை.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை சாயங்காலம் கை சும்மா இருக்கவில்லை.

அவரையும் முழுக்கக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஒரு வாரமாகச் சம்பந்தி வீட்டு மொட்டை மாடிக்குச் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது. "மாடியில என்ன வேலை சம்பந்தி?" என்று கேட்டதற்கு, "சும்மா, ஒண்ணுமில்ல" என்றார் அவர். ஒன்றுமில்லாததற்கு யாராவது செங்கல் ஏற்றுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு எட்டு. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அப்படித்தான் நினைத்தார். மைதானத்தின் மேலே அழகாகத்தான் போயிற்று. சுவரைத் தாண்டுகிற நேரம், திரையில் சாம்பல் நிறமாக ஏதோ விருட்டென்று வந்தது. டப்! திரை கறுத்துவிட்டது.

முட்டிவலியை மறந்து ஓடினார். சுவரின் இந்தப் பக்கத்து அடியில், புல்லுக்குள் கிடந்தது டிரோன். மேல்துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"பருந்து மோதிடுச்சு" என்றார் மனைவியிடம்.

"பருந்து அது பாட்டுக்குப் பறந்துச்சு. உங்களை யாரு அங்க எட்டிப் பாக்கச் சொன்னா?"

இதுதான் நேற்று வரை நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

விரல் விடுபட்டதும் அடுத்த வேலையைப் பார்த்தார். ஒட்டிய கை இனி மடங்காது. மடங்காவிட்டால் பெட்டிக்குள் போகாது. சரி, அதை அப்புறம் யோசிக்கலாம். உடைந்த இறக்கையைக் கழற்றிவிட்டு, பெட்டியில் இருந்த உபரி இறக்கையை மாட்டினார். அதன் துளை சிறியதாக இருந்தது.

"மோதின வேகத்துல தண்டு வீங்கியிருக்கும்" என்றார்.

"இரும்பு வீங்குமா?"

"எனக்கு முட்டி வீங்கல?"

ஊசியைக் காய்ச்சித் துளையைப் பெரிதாக்கினார். கொஞ்சம் அதிகமாகவே பெரிதாகிவிட்டது. இப்போது இறக்கை தண்டில் தொளதொளவென்று ஆடியது. நூல் சுற்றி இறுக்கினார்.

பிறகு பேட்டரி. விழுந்தபோது உள்ளே இருந்த பேட்டரி உப்பிப் போயிருந்ததால், மனைவி அதை இடுக்கியால் எடுத்து மணல் வாளியில் புதைத்துவிட்டாள். பெட்டியில் இருந்த இன்னொன்றை எடுத்துச் செருகினார். போகவில்லை. அழுத்தினார். போகவில்லை. கட்டில்மேல் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். அப்போதும் போகவில்லை.

"பள்ளம் நசுங்கிப்போச்சு" என்று முடிவு கட்டி, அரத்தை எடுத்தார். வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க ராவினார். வீடெல்லாம் சாம்பல் தூள். மனைவி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பெருக்கினாள், பெருக்கினாள், பெருக்கிக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் பேட்டரி உள்ளே போயிற்று.

போனது போனதுதான். அப்புறம் வெளியே வரவேயில்லை.

பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "கீ, கீ, கீ" என்று கத்த ஆரம்பித்தது. அணைக்கப் பார்த்தார், அணையவில்லை. கைபேசியைத் திறந்தால், "கருவி எதுவும் கிடைக்கவில்லை" என்று காட்டியது.

"கண்ணு முன்னாடி கத்திக்கிட்டு இருக்கு, கிடைக்கலயாம்!" என்றார்.

"உங்களை மாதிரிதான். மூக்கு மேல கண்ணாடிய வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவீங்க."

இரண்டு தலையணைக்கு நடுவே டிரோனை வைத்து, மேலே போர்வையைப் போட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில், படம் சேமிக்கிற சில்லை மட்டும் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தார். இவ்வளவு பாடு பட்டதற்குச் சம்பந்தி மாடியாவது பதிவாகியிருக்கட்டும் என்று ஓர் ஆசை. வந்த படங்களில் இருந்தது அவருடைய சொந்த மாடி. ஓட்டைத் தண்ணீர்த் தொட்டி. கொடியில் மனைவியின் கிழிந்த போர்வை.

"ஊர் மாடியைப் பாக்கப் போய், நம்ம மானத்தைத்தான் படம் புடிச்சிருக்கீங்க" என்றாள் அவள்.

"கிளம்பறப்போ எடுத்திருக்கும்" என்றார் சோர்வாக.

சாயங்காலம் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. காரணமில்லாமல் போன் பண்ணுகிற மனிதர் இல்லை அவர்.

"சம்பந்தி, சௌக்கியமா?"

"சௌக்கியம், சௌக்கியம். நீங்க?"

"இருக்கேன். பசங்க நாளைக்கு வந்துடுவாங்க இல்ல?"

"வந்துடுவாங்க."

மீட்டர்காரர் போர்வையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, ஏதோ கீ கீன்னு சத்தம் கேக்குதே?" என்றார் அவர்.

மீட்டர்காரர் பாய்ந்துபோய்த் தலையணைமேல் இன்னொரு தலையணையைப் போட்டார். "இங்கயா? இங்க ஒண்ணுமில்லயே. உங்க பக்கம்தான் கேக்குது."

"இ... இங்கயா? குருவி. குருவி கத்துது சம்பந்தி."

"அதான் பாத்தேன்."

"சரி, வச்சிடட்டுமா?"

"வச்சிடுங்க, வச்சிடுங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். "அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. மாடியில நின்னு பாத்திருப்பாரோ? இனி ஊர் பூரா சொல்லிச் சிரிப்பாரு. அந்தக் கடிகாரக் கதையை நான் எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கேன், சும்மா விடுவாரா?"

"பேசாம மாப்பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கைபேசியில் மகள் முகம் வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் ஏதோ ஓர் அருவி.

"மாமா, பெட்டி பத்திரம்தானே?"

"பெட்டி... பீரோவுலயே இருக்கு மாப்பிள்ளை."

அதில் பொய் ஒன்றுமில்லை. பெட்டி பீரோவில்தான் இருந்தது.

"தெரியும் மாமா. நீங்க இருக்கீங்கன்னுதான் நிம்மதியா சுத்திக்கிட்டு இருக்கேன்."

மாப்பிள்ளை அவரிடம் இத்தனை பிரியமாகப் பேசியதே இல்லை. முகம் மறைந்த பிறகும் மீட்டர்காரர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் தோளில் கை வைத்தாள். போர்வைக்குள் அது ஈனசுரத்தில் "கீ" என்றது. பிறகு அடங்கிவிட்டது.

"செத்துப்போச்சா?" என்றாள்.

"நானும்தான்" என்றார்.

சனிக்கிழமை காலையில் கடைசி வேலையாக, உதிர்ந்துபோன மஞ்சள் பொட்டுக்குப் பதிலாக ஒரு காலண்டர் தாளில் வட்டம் வெட்டி டிரோனின் நெற்றியில் ஒட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். ஒரு கை விறைத்து, இறக்கையில் நூல் சுற்றி, வயிறு ராவப்பட்டு, நெற்றியில் காலண்டரோடு அது அவரைப் பார்த்தது.

"போதும்" என்றாள் மனைவி. "இதுக்கு மேல அதைத் தொடாதீங்க. தெரிஞ்சவங்க கையில குடுங்க."

மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் டிரோன் பழுது பார்க்கிற கடைக்குப் போனார். அங்கே நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். துண்டைப் பிரித்தாள். டிரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன ஐயா ஆச்சு இதுக்கு?"

"கீழ விழுந்துடுச்சும்மா."

"விழுந்ததுல போனது இந்த ஒரு கைதான்னு தெரியுது. மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம்... ரிப்பேர் பண்ணினது."

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கி, பேட்டரியை உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி பேட்டரியைப் பார்த்தாள்.

"ஐயா, இது பழைய மாடல். நீங்க ராவித் திணிச்சிருக்கிறது புது மாடல் பேட்டரி. எப்படி உள்ள போகும்? போன்ல எப்படிக் காட்டும்? பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணோட சாமான் ஒண்ணுக்குச் சேராது."

"பழைய மாடலா? இல்லம்மா, எங்க மாப்பிள்ளை புதுசுன்னுதான்..."

அவள் முகம் மெல்ல மாறியது. எழுந்து பின்னால் இருந்த அலமாரியிலிருந்து இன்னொரு சாம்பல் நிற டிரோனை எடுத்து வந்து, பக்கத்தில் வைத்தாள். அதன் பேட்டரி தொளதொளவென்று ஆடாமல் இருக்க, சுற்றிலும் அட்டையை மடித்துச் செருகியிருந்தது. இரண்டு கைகளில் சைக்கிள் டியூப் கட்டு. நெற்றியில், ஒரு கீறல்கூட இல்லாமல், ஒரு மஞ்சள் பொட்டு.

மீட்டர்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பெரியவர் இதோட வாசல்ல நின்னாரு ஐயா" என்றாள் அந்தப் பெண். "மகன் பரண்ல ஏத்தி வச்சிருந்ததை எப்படியோ இறக்கி, சம்பந்தி வீட்டு மாடியில எட்டிப் பாக்க விட்டாராம், பருந்து மோதிடுச்சாம். மகனுக்குத் தெரிஞ்சாக்கூடப் பரவாயில்ல, சம்பந்திக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு என் கையைப் புடிச்சுக் கேட்டுக்கிட்டுப் போனாரு."