பஞ்சு வீட்டு மாப்பிள்ளை

கினிப்பன்றிகளின் நலன் பேணும் பொருட்டும், அவற்றை வளர்ப்போரின் பொறுப்புணர்வை மேலோங்கச் செய்யும் பொருட்டும் கல்முனைப் பக்கத்தில் ஓர் அலுவலகம் திறந்து வைக்கப்பட்டது. நாடா வெட்டியவர்களில் எவரும் அதுவரை அந்தப் பிராணியைக் கண்டதில்லை. கண்டிருந்தால் பக்கச்சார்பு வந்துவிடும் அல்லவா?

போன வருடம் ஊரெல்லாம் மீன்தொட்டி. அதற்கு முதல் லவ் பேர்ட்ஸ். இந்த வருடம் இது. முஸ்லிம் ஊர் என்பதால் பெயரின் பின்பாதியைப் பலகையில் எழுதத் தயங்கி, ‘கினி நலன் பிரிவு’ என்று மட்டும் போட்டார்கள். ஊருக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஒலுவில் கெம்பசில் படிக்கும் றுஸ்தாவும் ஒரு பெட்டைக் கினி வாங்கி, பஞ்சு என்று பெயர் வைத்தாள். பதியப் போனால் தனிப் பெட்டையைப் பதிய முடியாது என்றார் உத்தியோகத்தர் ஹஸன்.

“குமர் ஒண்டத் தனிய வெச்சிருக்கிற முறையில்ல, மகள்.”

“அப்ப துணைக்கு இன்னொரு பெட்டைய விடுறன், சேர். அதுதான் நல்லமாம்.”

“ரெண்டு குமரா? இன்னும் மோசம்.”

ஆகவே, மிளகு என்ற கடுவன் சட்டபூர்வமாக வரவழைக்கப்பட்டான். தன் கடமையை அவன் அலுவலகத்தை விட விரைவாகச் செய்து முடித்தான்.

இப்போது பஞ்சுவின் வயிறு தரையில் உரசுகிறது. குட்டி ஈன்ற கையோடு கினி மறுபடியும் சினைப்பட்டுவிடும்; அந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காது. ஈனுவதற்கு முன்பே கடுவனை வேறு கூட்டில் போட்டாக வேண்டும். ஆனால் பதியாத கூட்டைக் கண்டால் பிராணிகளைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுச் சபூறாவின் கினிகள் அப்படித்தான் போயின. அவை இன்று அலுவலக அலுமாரிக்குள், பழைய சுற்றறிக்கைகளைத் தின்றபடி, பொறுப்புணர்வோடு வளர்கின்றன.

றுஸ்தா மறுபடியும் ஹஸனின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“கூட்டுல முதல் வந்த ஆரு?” என்றார் அவர்.

“பெட்டை, சேர்.”

“அப்ப அது பொண்ணுட வீடு. கடுவன் வந்த மாப்பிள்ளை. புள்ளப்பெறு நேரத்துல மாப்பிள்ளைய வீட்டை விட்டு அனுப்பினா ஊர் என்ன கதைக்கும்?”

“ஊர் கதைக்கட்டும் சேர். இவன் நிண்டா அது செத்துப் போகும்! ஈன்ற உடனயே இவன்...”

“சீச்சீ. அப்பிடி ஒரு மாப்பிள்ளையும் செய்யமாட்டான்.”

றுஸ்தா மூச்சை இழுத்து விட்டாள். “சரி, அவனுக்கு ஒரு தனிக்கூடு பதிஞ்சு தாங்க.”

“ஆம்புளைக்குச் சொந்த வீடா? எங்கட பக்கம் பொம்புளப் புள்ளைக்குத்தானே சீதனமா வீடு கட்டிக் குடுக்கிற வழக்கம். வேற பெட்டை இருக்கிற கூடு ஒண்டு காட்டுங்க, அங்க போகட்டும்.”

“அப்ப அந்தப் பெட்டைக்கும் வயிறு வருமே, சேர்!”

“அது அந்தக் கூட்டுட பிரச்சினை. அதுக்கு வேறயா விண்ணப்பிக்கணும்.” ஹஸன் இரக்கத்தோடு யோசித்தார். “கோவிச்சிக்கிட்டு உம்மா வீட்ட போயிட்டான் எண்டு போடுவமா?”

“அங்க அவன்ட உம்மா, தங்கச்சிமார் எல்லாம் ஒரே கூட்டுலதான் இருக்குதுகள், சேர்.”

“நல்லதுதானே. குடும்பத்தோட ஒற்றுமையா இருக்கட்டும்.”

கினிகளின் குடும்ப ஒற்றுமை எதில் போய் முடியும் என்பதை அந்தப் பெரிய மனிதருக்கு விளக்க றுஸ்தாவுக்கு வாய் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“அப்ப கத்தாருக்குப் போறான் எண்டு போடுங்க!”

ஹஸனின் முகம் மலர்ந்தது. பேனை ஓடியது. முத்திரை தானாகவே வந்து விழுந்தது.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே, மகள்! பொண்டாட்டி வயித்தோட இருக்கக்குள்ள மாப்பிள்ள வெளிநாடு போறதுதானே? ஆரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க.” பயணம் லேசாக அமைய ஒரு துஆவும் கேட்டார்.

அடுப்படிக்குப் பக்கத்தில் கத்தார் அமைக்கப்பட்டது. அடுத்த நாள் காலையில் பஞ்சு மூன்று குட்டிகளை ஈன்றாள். பிறந்தவுடனேயே கண் திறந்து, முழு மயிரோடு, சோதனைக்கு வரும் அதிகாரிகளைப் போல மூலைமுடுக்கெல்லாம் மூக்கை நுழைத்துத் திரிந்தன. தாய் சுகமாக இருந்தாள்.

மேற்பார்வைக்காக ஹஸன் வீட்டுக்கே வந்தார். றுஸ்தாவின் உம்மா ஹாஜறா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

“புள்ளைகள் என்ன, மகள்?”

“மூண்டும் பெட்டை, சேர்.”

அவர் முகம் வாடிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார்.

“மூண்டும் பெட்டையா? மூண்டு வீடு கட்டணுமே! பாவம், இவன் இப்ப திரும்பி வரப்படாது.”

யாரும் கேட்காமலே, மிளகின் வெளிநாட்டு வாசத்தைக் காலவரையறையின்றி நீட்டித்து முத்திரை குத்தினார்.

கதவடியில் நின்ற றுஸ்தாவும் அவளுடைய இரண்டு தங்கச்சிமாரும் வாயைப் பொத்திக்கொண்டு, ‘இப்ப சிரிக்கலாமா?’ என்று உம்மாவைப் பார்த்தார்கள்.

உம்மா சிரிக்கவில்லை.

“ஓம் சேர், அவன் அங்கயே நிக்கட்டும்” என்றா. “இவங்கட வாப்பாவும் அப்பிடித்தானே நிக்கிறார்.”